எட்டு மில்லித் தலையணை

உலகத்தில் அணைக்காகக் கூட்டம் போட்டிருக்கிறார்கள், பாலத்துக்காகக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு தொழிலாளியின் கழுத்துக்காக மூன்று கூட்டம் போட்ட பெருமை போடிநாயக்கனூருக்கு மட்டுமே உரியது. அந்தக் கழுத்து வேலுத்தாயினுடையது.

வேலுத்தாய் சிலமலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஒச்சப்பனின் ஏலக்காய்க் கம்பெனியில் காய் பொறுக்குகிறவள். நீள மேசையில் கொட்டிய காயைப் பருத்தது, சிறுத்தது, வெளுத்தது, வெடித்தது என்று இருபத்திரண்டு வருஷமாகக் குனிந்து பிரித்ததில், கழுத்து மூட்டில் வாதம் வந்து குடியேறிவிட்டது. சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் தோள்பட்டை இரண்டும் கல்லாகிவிடும். "முதுகும் தோளும் சாயணும், பின்கழுத்துக்கு ஒரு தாங்கல் வேணும். அப்படி உக்கார முடியலைன்னா வேலையை விட்ருங்கம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். விட வேலுத்தாய்க்கு மனசில்லை. அந்த மேசையில் அவள் கைக்கு ஈடான கை கிடையாது. அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே உண்டு.

அவள் மேனேஜர் லிங்கேஸ்வரனிடம் தயங்கித் தயங்கி ஒரு நாற்காலி கேட்ட அதே வாரம், வெளிநாட்டில் காய் வாங்குகிறவர்கள் "தொழிலாளர் நலனுக்கு என்ன செய்தீர்கள்? படத்துடன் எழுதவும்" என்று கேட்டிருந்தார்கள். முதலாளியின் நெஞ்சில் கருணை ஊற்றெடுத்தது. உடனே "கழுத்து நலக் குழு" அமைந்தது. ஒச்சப்பன் தலைவர், லிங்கேஸ்வரன் செயலர், கணக்கர் சின்ராசு உறுப்பினர். மூவருக்கும் கழுத்து பிரமாதமாக இருந்தது. வலிக்காரர் ஒருவர் குழுவில் இருந்தால் பாரபட்சம் வந்துவிடும் அல்லவா?

முதல் கூட்டத்தில் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள், டீ குடித்தார்கள். இரண்டாம் கூட்டத்துக்குள் மதுரையிலிருந்து ஒரு சாய்வு நாற்காலியும், அதில் கட்டுவதற்கு ஒன்பது கழுத்துத் தலையணைகளும் "சாம்பிள்" வந்து இறங்கின.

ஒச்சப்பன் நாற்பது வருஷம் ஏலக்காய் பார்த்த கண்ணுக்குச் சொந்தக்காரர். அந்தக் கண்ணுக்கு வேறு எதையும் பார்க்கத் தெரியாது. ஒரு தலையணையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மோந்தார். காதருகே வைத்துக் குலுக்கினார்.

"கலர் பத்தல. வெளுத்த சரக்கு. தள்ளு."

"இது, மொதலாளி?" என்று லிங்கேஸ்வரன் அடுத்ததை நீட்டினார்.

"சுருங்கிக் கெடக்கு பாரு, பிஞ்சுல பறிச்சிருக்கான். தள்ளு. லிட்டர் வெயிட்டு பாத்தீகளா?"

"தலையணைக்கா மொதலாளி?" என்றார் சின்ராசு.

"பின்னே, உனக்கா?"

ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் என்று நிறுத்துத் தரம் பார்ப்பது போலவே எடை போட்டார்கள். பருமன் அளந்தார்கள். கடைசியில் கிளிப்பச்சை நிறத்தில், பூசணி மாதிரி உப்பிய ஒரு தலையணை ஏகமனதாக "முதல் தரம்" ஆயிற்று. காயில் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பருத்ததுதான் உசத்தி. கழுத்துக்கு மட்டும் அந்தச் சட்டம் மாறிவிடுமா? மற்ற எட்டும் கழிவு மூட்டைக்குள் போயின.

வேலுத்தாயை அழைத்து உட்கார வைத்தார்கள். தலையணை பின்மண்டையை உந்தியதில் தாடை நெஞ்சில் போய் முட்டியது.

"எப்பிடி இருக்கு ஆத்தா?" என்றார் ஒச்சப்பன்.

"என் காலு மட்டுந்தேன் தெரியுது மொதலாளி."

"மொதத் தரம்லக்கா! பழகப் பழகச் சரியாப் போகும்" என்றார் லிங்கேஸ்வரன். "பயனாளி மகிழ்ச்சி தெரிவித்தார்" என்று சின்ராசு குறிப்பில் எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் முதல் தரத்தில் உட்கார்ந்ததில் வலி விரல்நுனி வரை இறங்கியது. மூன்றாம் நாள் காலை வேலுத்தாய் கழிவு மூட்டையை அவிழ்த்தாள். எட்டையும் கழுத்துக்கு வைத்து வைத்துப் பார்த்தாள். வெளுத்து, சுருங்கி, ஒல்லியாய்க் கிடந்த ஒன்று பின்கழுத்துக் குழியில் பாந்தமாக உட்கார்ந்தது. தோள் இரண்டும் தானாகத் தளர்ந்தன. கண்ணில் நீர் வந்துவிட்டது, அத்தனை சுகம். அன்றைக்கு அவள் இரண்டு ஆள் காயைப் பிரித்துத் தள்ளினாள்.

மத்தியானம் லிங்கேஸ்வரன் பார்த்துவிட்டார். "தள்ளுன சரக்கு கம்பெனி நாற்காலியிலயா!" மூன்றாவது கூட்டம் மேசையருகிலேயே நின்றபடி அவசரமாகக் கூடியது.

"ஏன் ஆத்தா, நாப்பது வருசம் தரம் பாத்த கண்ணு இது. இதுவா நல்லாருக்கு?" என்றார் ஒச்சப்பன்.

"நல்லாருக்கு மொதலாளி. எது நல்ல காயின்னு சந்தேகம் வந்தா என்னயத்தேன கூப்புட்டுக் கேக்குறீக? என் கழுத்துக்கு எது ஏத்ததுன்னு மட்டும் ஏன் என்னயக் கேக்கல?"

மேசையின் இரண்டு பக்கமும் சிரிப்பு பரவியது. பக்கத்து ஸ்டூல் மகாராணி, வலிக்கிற தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வேறு வழியில்லாமல் ஒச்சப்பனும் சிரித்தார். "சரி, வச்சுக்க. போட்டோ எடுக்கையில மட்டும் பச்சையக் கட்டிரு."

படம் எடுத்தார்கள். அறிக்கை கடல் கடந்து போயிற்று. "எங்களிடம் வேலை பார்க்கும் இருபத்துநான்கு பெண்களில் இனி எவருக்கும் கழுத்துவலி இருப்பதாக நிர்வாகத்துக்குத் தெரியவில்லை" என்று அது முடிந்தது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மிச்சம் இருபத்துமூன்று பேரும் சாய்மானம் இல்லாத ஸ்டூலில்தான் குனிந்திருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதில் குழு கடைசிவரை உறுதியாக இருந்தது.