மாமியின் தாடையும் என் விஞ்ஞானமும்

மற்றவரிடம் கேட்கும் கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொல்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை ஒன்றும் தெரியாதவர்கள். மற்றது ஆசிரியர்கள். நான் இரண்டிலும் அடக்கம் என்பது கலியாணம் முடித்த இரண்டாம் வருடம்தான் எனக்குத் தெரியவந்தது.

அப்போது கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது அக்கராயனில், மனைவி வதனியின் வீட்டில். அந்த வீட்டுக்கு அதிபர் வதனியின் அம்மா, என் மாமி. அறுபத்து நான்கு வயதிலும் ஸ்கூட்டியில் வயலுக்குப் போய், உழவு மெசின்காரரை நடுங்கவைத்துவிட்டு வருவார். ஆறு வருடத்துக்கு முன் வரம்பில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது, எலும்புத் தேய்வு என்று கண்டு வாரம் ஒரு குளிசை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஞாயிறு காலையில் வெறும் வயிற்றில் அதை விழுங்கிவிட்டு, அரை மணித்தியாலம் படுக்காமல் நிமிர்ந்து இருக்கவேண்டும். மாமி கதிரையில் நீதவான்போல நிமிர்ந்திருந்து, அந்த அரை மணித்தியாலமும் எனக்கு அந்த வார வேலைகளைச் சொல்லுவார். (எனக்கு அந்தக் குளிசையைக் கண்ணில் காட்டக்கூடாது.)

அப்படிப்பட்ட மாமிக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கியது. கன்னம் வீங்கி, பேச்சுக் குறைந்தது. வீட்டில் அபூர்வமான அமைதி. (அதை நான் ரசித்தேன் என்று எழுதமாட்டேன். வதனி வாசிப்பாள்.)

வதனிக்கு லீவு கிடைக்காததால் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பை நான் ஏற்றேன்.

"அம்மான்ர மருந்து எழுதின துண்டுகளையும் கொண்டுபோங்கோ" என்றாள் வதனி.

"பல்லுப் பிடுங்கத்தானே போறம்? இருதயம் மாத்தவோ?" என்று சிரித்துக்கொண்டு வெறுங்கையோடு கிளம்பினேன்.

பல் டொக்டர் இளம்பெண். கையில் பேனையோடு மாமியைப் பார்த்து, "அம்மா, என்னென்ன மருந்து எடுக்கிறீங்கள்?" என்று கேட்டார்.

மாமி வீங்கிய வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "பிரஷர் இல்லை, சீனி வருத்தம் இல்லை. ஒண்டுமில்லை, டொக்டர்."

"வேற குளிசை ஏதும்?"

"சத்துக் குளிசை மாதிரி ஒண்டு. அதுக்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறனான்."

'விஞ்ஞானம்' என்ற சொல்லை ஒரு மருத்துவப் பட்டத்தைப்போல உச்சரித்தேன். மாமி என் கையைச் சுரண்டினார். பயப்படுகிறார் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தேன்.

ஊசி போட்டு வாய் மரத்துப்போன பிறகும் மாமி விடவில்லை. கையை ஆட்டி, "ஞா... ஞா..." என்றார்.

"என்ன சொல்லுறா?" என்றார் டொக்டர்.

"ஞானப்பல்லோ எண்டு கேக்கிறா" என்று விளக்கினேன்.

"இல்லையம்மா, இது ஞானப்பல் இல்லை" என்று டொக்டர் அன்பாகச் சொல்லி, பல்லுப் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார். மாமி என்னைப் பார்த்த பார்வையின் அர்த்தம் எனக்கு விளங்க இரண்டு மாதமானது.

பல் சுகமாக வந்துவிட்டது. குழிதான் மூடவில்லை.

"தம்பி, நாக்குக்கு ஏதோ கல்லு மாதிரிப் படுது. அந்த ஞாயித்துக் கிழமைக் குளிசை..." என்று மாமி தொடங்குவார்.

"புண் ஆறேக்கை அப்பிடித்தான் மாமி" என்று நான் முடித்துவிடுவேன். உப்புத் தண்ணீர் கொடுத்தேன். கராம்பு கொடுத்தேன். மஞ்சளும் கொடுத்தேன். வலி கூடி, வாய் நாறத் தொடங்கியபோது ஒருநாள் வதனி டோர்ச் அடித்துப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"உள்ளுக்கை வெள்ளையாய்த் தெரியுது. எலும்பப்பா!"

பல் டொக்டர் பார்த்த உடனேயே வவுனியாவில் தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அம்மா, எலும்புத் தேய்வுக்குக் குளிசை எடுக்கிறீங்களோ?"

"ஓம் ஐயா. ஆறு வருசமா, ஒவ்வொரு ஞாயிறும்."

"பல்லுப் பிடுங்கேக்கை சொல்லேல்லையோ?"

"சொன்னனான். என்ர மருமோன், விஞ்ஞான மாஸ்டர், அதை மொழிபெயர்த்தவர்."

நிபுணர் என் பக்கம் திரும்பினார். "எலும்பு எப்பவும் கொஞ்சம் கரைஞ்சு, கொஞ்சம் புதுசாய்க் கட்டிக்கொண்டிருக்கும். இந்தக் குளிசை கரையிறதைக் குறைக்குது. இடுப்பெலும்புக்கு அது நல்லது. ஆனா பல்லுப் பிடுங்கின குழி ஆற ரெண்டு வேலையும் நடக்கவேணும். மிகச் சிலருக்குத்தான் இப்பிடி வாறது. தெரிஞ்சிருந்தால் கவனமாய்ச் செய்திருக்கலாம். பல்லு எதிலை நிக்குது, மாஸ்டர்?"

"தாடை எலும்பிலை" என்றேன். என் குரல் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் குரலாக இருந்தது.

இதற்குப் பிறகாவது நான் வாயையும் கையையும் அடக்கியிருக்கவேண்டும். குற்ற உணர்ச்சி விடவில்லை. அடுத்த கிளினிக்கில் பெருமையாக அறிவித்தேன்: "அந்தக் குளிசையை நிப்பாட்டிப்போட்டன், டொக்டர்."

நிபுணர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆர் நிப்பாட்டச் சொன்னது?"

"நான்தான் யோசிச்சு..."

"முதல்ல யோசிக்கிறதை நிப்பாட்டுங்கோ. இடுப்பு முறிஞ்சா நீங்களோ நடக்கிறது? குளிசையை என்ன செய்யிறதெண்டு நானும் எலும்பு டொக்டரும் கதைச்சுச் சொல்லுறம்."

ஐந்து மாதம் மாமி வாய் கழுவும் மருந்தும் கஞ்சியுமாகக் கிடந்தார். ஸ்கூட்டி நின்ற இடத்திலேயே நின்றது. உழவு மெசின்காரர்கூட வந்து சுகம் விசாரித்தார். கஞ்சி காய்ச்சும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். ஒருநாள் கோப்பையை நீட்டியபோது, மாமி கன்னத்தைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"என்னாலைதான் மாமி, இவ்வளவும்."

மாமி கண்ணைத் திறக்காமலே ஒரு மிடறு குடித்தார். "அது கிடக்கட்டும். இண்டைக்கும் உப்புப் போடேல்லை."

ஒருவாறு அரிசியளவு எலும்புத் துண்டொன்று தானாகக் கழன்று வந்தது. பிறகு குழியின் மேல் முரசுச் சதை மூடியது. மாமி முதல் வேலையாக ஒரு பனங்கிழங்கை, என்னைப் பார்த்துக்கொண்டே, கடித்து முறித்தார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த டொக்டரின் கேள்விக்கும் பதில் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. எனக்கே வருத்தமென்று டொக்டரிடம் போனாலும் இல்லை. போன மாதம் எனக்கே பல்வலி. மாமியும் வதனியும் காவலுக்கு வந்தார்கள். அதே பல் டொக்டர், "சேர் என்னென்ன மருந்து எடுக்கிறீங்கள்?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன்.

"அவரைக் கேளாதேங்கோ பிள்ளை" என்று மாமி முந்தினார். "காலமை பிரஷருக்கு ஒண்டு. ராவைக்குக் கொழுப்புக்கு ஒண்டு. பிறகு, தலைமயிர் கொட்டுறதுக்கு ஒண்டு. அதைப் பழைய சப்பாத்துக்குள்ளை ஒளிச்சு வைச்சிருக்கிறார்."

டொக்டர் மூன்றையும் எழுதிக்கொண்டார். மூன்றாவதைப் பற்றி வதனிக்கு அதுவரை தெரியாது. இப்போது அக்கராயனில் தெரியாதவர் இல்லை.