நைனாவின் இருமலும் என் நடுக்கப் பெட்டியும்

வீட்டில் உட்கார்ந்து ரேடியோ வால்வுகளை வைத்துப் பெட்டி செய்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. பெட்டி ஒரு தடவை ஒழுங்காக வேலை செய்துவிட்டால், இனி எப்போதும் வேலை செய்யும் என்று நம்பிவிடுவான். அந்த வியாதி எனக்கு முற்றிப்போயிருந்த காலத்தில், என் நைனாவின் முதல் வருஷ நினைவு ஜெபக்கூட்டம் வந்தது.

நைனா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். நுரையீரல் கெட்டு வேலையை விட்டபின், பெங்களூரில் அல்சூருக்குக் குடிவந்தோம். அவருக்குப் பிடித்தது ஒரே ஒரு கீர்த்தனை. சாயங்காலமானால் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அதை ஆரம்பிப்பார். குரல் லேசாக நடுங்கும். கேட்க அத்தனை நன்றாக இருக்கும். மூன்றாவது அடியில் இருமல் வந்துவிடும். அடிவயிற்றிலிருந்து விட்டுவிட்டு வரும் சுரங்க இருமல். அது அடங்குவதற்குள் பாட்டு எங்கோ போயிருக்கும். (அந்தப் பாட்டின் கடைசி அடியைக் கர்த்தர் எங்கள் வீட்டிலிருந்து கேட்டதே இல்லை.)

அவர் போனபோது அம்மா அழவில்லை. அதன்பிறகும் அழவில்லை. சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. வருஷ ஜெபம் நெருங்கியபோதுதான் தானாக வாய் திறந்தாள்.

"சாமு, கிடாருல அந்தப் பாட்ட வாசிப்பியாடா? முழுசா. நம்ம வூட்டு ஆளு ஒரு தபாவாச்சும் அத்த முடிக்கிறத நான் கேக்கணும்."

என்னிடம் ஒரு ஹவாயன் கிடார் இருந்தது. மடியில் வைத்து மரியாதையாக வாசித்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நான் யார்? அறுபதுகளின் தொடக்கத்தில், பெங்களூர் கண்டோன்மெண்டிலேயே ரேடியோ பிரித்து மாட்டத் தெரிந்த ஒரே மேதை! (என்று எனக்கு மட்டும் தெரியும்.) நைனாவின் குரல் நடுங்குவது போலவே கிடாரும் நடுங்க வேண்டும் என்று தீர்மானித்தேன். காலால் ஒரு கட்டையை மிதித்தால் ஒலி நடுங்கும்; காலை எடுத்தால் நின்றுவிடும். அப்படி ஒரு பெட்டி.

செத்துப்போன ரேடியோக்களின் வால்வுகளும், சிக்கப்பேட்டைப் பக்கம் பழைய சாமான் கடையில் பொறுக்கிய டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து பெட்டி உருவானது. மிதிகட்டையில் வீட்டு வாசலின் காலிங் பெல் சுவிட்ச். (வந்தவர்கள் கதவைத் தட்டினார்கள்.) மைக் செட்டில் இணைத்ததும் பெட்டி நடுங்கவில்லை. டொப், டொப், டொப் என்று அடித்துக்கொண்டது.

"இன்னாடா இது, தண்ணி மோட்டாரா?" என்றாள் என் அக்கா கிரேஸ்.

ஒவ்வொரு இணைப்பையும் பிரித்து மறுபடி ஈயம் வைத்தேன். ஒயர்களை இடம் மாற்றினேன். வால்வைத் தட்டினேன், பதிலுக்கு அது என்னைச் சுட்டது. கடைசியில் கோளாறு கிடைத்தது. மின்சாரத்தைச் சீராக்கும் கண்டென்சர் கிழடு. வேறொன்று தேடிப் போட்டேன். அதுவும் பழையதுதான், ஆனால் டொப் டொப் நின்றது. மிதித்தேன். கம்பியிலிருந்து வந்த ஒலி மெல்ல நடுங்கியது. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. எட்டிப் பார்த்தால் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அத்தோடு விட்டார்களா? எங்கள் சனத்தில் ரேடியோவுக்குச் சட்டை போடாமல் வைக்க மாட்டார்கள். பூ வேலை செய்த உறை ஒன்று கட்டாயம் இருக்கும். "சபைக்கு முன்னால அத்த அம்மணமா வெப்பியா?" என்று கேட்டு, அக்கா கெட்டி வெல்வெட்டில் உறை தைத்தாள். ரோஜாப்பூக்கள், நடுவில் நைனாவின் பெயர். அழகில் மயங்கி நானே போர்த்தினேன். வால்வுக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான்.

சர்ச் ஹால் நிறைந்திருந்தது. தங்கவயலிலிருந்து ரயிலேறி நைனாவோடு வேலை செய்தவர்கள் வந்திருந்தார்கள். முன் வரிசையில் அம்மா, பக்கத்தில் நைனாவின் அண்ணனான பெரியப்பா. வால்வு சூடாக நேரமாகும் என்று நான் முன்கூட்டியே சுவிட்சைப் போட்டுவிட்டேன். போதகரோ நித்திய ஜீவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர், அதன் நீளத்தையும் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அத்தனை நேரமும் பெட்டி வெல்வெட்டுக்குள் வெந்துகொண்டிருந்தது.

வாசித்தேன். முதல் அடி, இரண்டாம் அடி. மூன்றாம் அடியில் காலை அழுத்தினேன்.

டொக். டொக் டொக். கொஞ்சம் இடைவெளி விட்டு, கரகரவென்று இழுத்து, மறுபடி டொக் டொக் டொக்.

அது மோட்டார்ச் சத்தமில்லை. அந்த ஹாலில் யாருக்கும் அது என்னவென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாதிப் பேர் நெஞ்சுக்குள்ளும் அதே சத்தம் இருந்தது. காலை எடுத்தேன், நிற்கவில்லை. பெரியப்பா பழக்க தோஷத்தில் பாதி எழுந்து, "தண்ணி குடு, தம்பிக்குத் தண்ணி குடு!" என்று கத்திவிட்டார். பின்னால் யாரோ நிஜமாகவே ஒரு செம்பை நீட்டினார்.

அப்போது ரோஜாப்பூவின் நடுவிலிருந்து புகை கிளம்பியது. நைனாவுக்குப் புகை முதலில், இருமல் பிறகு. பெட்டியில் வரிசை மாறியிருந்தது, அவ்வளவுதான்.

நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. முன் வரிசையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"பீடியும் பத்த வெச்சிட்டாரா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். எப்போது அது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷத்து அழுகை. அக்கா கட்டிக்கொண்டாள். நான் கருகிய வெல்வெட்டைக் கையில் பிடித்தபடி மேடையில் நின்றேன்.

"மன்னிச்சிரும்மா. முழுசா வாசிக்க முடியல" என்றேன்.

"அவுரு மட்டும் என்னிக்குடா முடிச்சாரு?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, யார் முன்னாலும் பாடியே இராத அம்மா, பெட்டி விட்ட இடத்திலிருந்து பிடித்துப் பாடினாள். சுரங்கத்துக்காரர்கள் இருமிக்கொண்டே சேர்ந்து பாடினார்கள். பாட்டு முடிந்தது. அதன் கடைசி அடியை எங்கள் குடும்பம் பாடி முடித்தது அன்றுதான்.

இன்றும் எங்கள் வீட்டில் மிக்சி திக்கினால், மோட்டார் இழுத்தால், "தம்பிக்குத் தண்ணி குடு" என்பார்கள். எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். பழகிவிட்டது.

அதற்குப்பின் அம்மா தினமும் சாயங்காலம் அந்தப் பாட்டைப் பாடினாள். மூன்றாவது அடியில் மட்டும் நிறுத்துவாள், ஒருவர் இருமி முடிக்கும் அளவுக்கு. பிறகு தொடர்வாள். அவளிடம் பாட்டுக் கற்ற என் பிள்ளைகளும், அவர்களிடம் கற்ற பேரப்பிள்ளைகளும், ராகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சர்ச்சில் அந்தக் கீர்த்தனை வரும்போதெல்லாம் மொத்தச் சபையும் முன்னே போய்விடும். எங்கள் பெஞ்சு மட்டும் நின்று, நைனா இருமி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் போகும்.