கூவும் ஆல்டர்னேட்டர்

"கேக்குதா?" என்றார் மேலாளர்.

காரின் முன்மூடி திறந்திருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. காதுகளை மூடி மஃப்ளர் சுற்றிய தலையோடு, பாதி உடலை உள்ளே நுழைத்திருந்தார் அவர்.

"இன்ஜின் சத்தம் கேக்குது," என்றாள் மனைவி.

"அது இல்ல. கூய்ங்னு ஒண்ணு. புது ஆல்டர்னேட்டர்தான் கத்துது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உனக்கு வயசாயிடுச்சு," என்று தீர்ப்பளித்தார் மேலாளர்.

பிறந்த மகளை மருத்துவமனையிலிருந்து அழைத்துவந்த கார் அது. மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. காருக்கோ ஒவ்வோர் உறுப்பாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டர் சென்ற வாரம் உயிரை விட, புதியது வந்தது. அந்த வாரம் தொடங்கியதுதான் இந்தக் கூவல். அலுவலகத்தில், "காது கேக்கலையா?" என்று அதட்டியே பெயர் வாங்கியவர் மேலாளர். பிறர் பிழையையே பொறுக்காதவர், சொந்தக் காரின் பிழையை எப்படிப் பொறுப்பார்?

பெல்ட் தளர்ந்திருக்கும் என்று முடிவு செய்து, தாமே முறுக்கினார். கூவல் நிற்கவில்லை. மேலும் முறுக்கினார். இப்போது கூவலோடு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கிரீச்சொலியும் சேர்ந்துகொண்டது.

"பெல்ட்டை வீணைக் கம்பி மாதிரி இழுத்து வெச்சிருக்கீங்களே சார்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் கார் பட்டறை எலக்ட்ரீஷியன். சரிசெய்தார். கிரீச்சொலி போயிற்று. "இப்போ பாருங்க, பூனை நடக்கற மாதிரி இருக்கு."

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஆல்டர்னேட்டர்மேல் ஊன்றி, பிடியை மஃப்ளரோடு காதில் அழுத்தினார் மேலாளர்.

"ஐயோ, விசில் அடிக்குதுய்யா!"

எலக்ட்ரீஷியனும் அவ்வாறே வைத்துக் கேட்டார். "ஒண்ணும் இல்லையே சார்."

"காது கேக்கலையா உனக்கு?"

ஆல்டர்னேட்டர் மீண்டும் மாற்றப்பட்டது. மேலாளர் இன்னும் நெருங்கிக் குனிந்து கேட்டார். அது இன்னும் உரக்கக் கூவியது. மறுபடியும் மாற்றச் சொன்னபோது எலக்ட்ரீஷியன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கோளாறு என் காதுலதான்னு ஒத்துக்கறேன் சார். வண்டிய எடுத்துட்டுப் போயிடுங்க."

வீட்டில் மாப்பிள்ளை வந்திருந்தார். "என்ன மாமா, இந்த வெயில்ல மஃப்ளர்?"

"வண்டி ஓட்டறப்போ காத்து அடிக்குது மாப்பிள்ளை."

"நின்னுட்டிருக்கற வண்டியிலயுமா?"

மேலாளர் மஃப்ளரை இன்னும் இறுக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனார். மதியத்தில் சற்றுக் கண்ணயரத் தலையணையில் சாய்ந்தார். கூய்ங்! கார் வாசலில் நின்றது. சத்தம் மட்டும் கட்டிலுக்கே வந்துவிட்டது. தன் வாலைத் தானே துரத்தி அலுத்த நாய்க்குட்டியைப் போல எழுந்து உட்கார்ந்தார்.

அப்போது சமையலறையிலிருந்து மனைவியின் முணுமுணுப்பு கேட்டது. "ஒண்ணு அந்தக் கார் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"என்ன சொன்னே?" என்று பாய்ந்து வந்தார்.

அவள் கரண்டியை நழுவ விட்டாள். "கல்யாணமான நாள்லேர்ந்து இதே இடத்துல நின்னு முணுமுணுக்கறேன். இன்னிக்குத்தான் காதுல விழுந்துதா?"

அத்தோடு அவர் மனம் உடைந்தது. காரை விற்பதென்று முடிவாயிற்று.

வாங்க வந்தவர் ஒரு பெரியவர். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "பட்டு மாதிரி ஓடுது. எதுக்குக் குடுக்கறீங்க?" என்றார்.

"மறைக்க மாட்டேன். உள்ளே ஒரு சத்தம் வருது. மத்த யாருக்கும் கேக்க மாட்டேங்குது."

"எனக்கும் கேக்கலையே," என்று சிரித்தபடி பெரியவர் இன்ஜினை அணைத்தார். கையெழுத்துகள் ஆயின. சாவி அவருடைய சட்டைப்பைக்குள் போயிற்று. மகளை மடியில் வைத்துக்கொண்டு மனைவி உட்கார்ந்துவந்த பின்னிருக்கையை மேலாளர் ஒருமுறை தடவிக் கொடுத்தார், கண் கலங்கிவிட்டது. பெரியவர் மனம் இளகி, அவரை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

கூய்ங்!

"பாத்தீங்களா!" என்று மேலாளர் துள்ளினார். "இன்ஜினை அணைச்சப்புறமும் கத்துது! இப்பவாவது கேட்டுதா?"

"கேட்டுது, கேட்டுது," என்ற பெரியவர், அவருடைய மஃப்ளரின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"காது மெஷின் மேல துணி அழுந்தினா இப்படித்தான் கூவும் சார். அது தெரியாம நான் நல்லா இருந்த மிக்ஸியைத்தான் தூக்கிக் குடுத்தேன். நீங்க காரையே குடுத்துட்டீங்களே!"