விற்றுத் தீர்ந்த பாட்டு

"போட்டுராதீய அண்ணாச்சி!"

நல்லக்கண்ணு போட்ட சத்தத்தில் சைக்கிள் கடை சிவசுப்பிரமணியனின் கையிலிருந்த ஊசி டப்பா நழுவி, கிராமபோன் ஊசிகள் கடை முழுக்கச் சிதறின.

"ஏலே, என்னத்துக்குலே இப்படிக் கத்துத? பாம்பு கீம்பு கிடக்கா?"

"பாம்பு இல்ல அண்ணாச்சி. அந்த பிளேட்டு."

சைக்கிள் கடை என்று பெயர்தான். டயர், டியூப், பெல்லோடு ஒரு மூலையில் கிராமபோன் பிளேட்டும் விற்பார் சிவசுப்பிரமணியன். யுத்தம் முடிந்து சரக்கு மறுபடி வரத் தொடங்கியிருந்த சமயம். காலை ரயிலில் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு பெட்டி வந்திருந்தது. அதில் மேலாக இருந்த பிளேட்டைத்தான் அவர் ஆசையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ டிரம் அடிச்ச பாட்டுதானலே இது? நம்ம ஊர்க்காரன் அடிச்சதுன்னு தெரு முழுக்கக் கேக்க வைக்கப் போறேன். ஒன் மாமனார் மண்டிக்குக்கூடக் கேக்கும்."

நல்லக்கண்ணு பயந்ததே அதற்குத்தான்.

கல்யாணத்துக்கு பேண்டு செட், பிறகு நாடகக் கம்பெனி என்று அடித்து அடித்து முன்னேறி, இப்போதுதான் அவன் சென்னையில் பாட்டு பிளேட்டுக்கு டிரம் வாசிக்கும் இடத்துக்கு வந்திருந்தான். அந்த வேலையில் ஒரு சிரமம் இருந்தது. பாட்டை மெழுகுத் தட்டில் ஒரே மூச்சில் எடுப்பார்கள். எடுத்ததைப் போட்டுக் கேட்டால் மெழுகு பாழாகிவிடும். அதனால் யாரும் கேட்க மாட்டார்கள். நேராக பிளேட்டாகி வந்தபிறகுதான் நல்லதும் கெட்டதும் தெரியும்.

இந்தப் பாட்டின் கடைசி அடியில் நல்லக்கண்ணுவின் வலதுகைக் குச்சி நழுவிப் போய் இரும்பு நாற்காலியில் 'டொக்' என்று அடித்தது.

பாடின அம்மாள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். ஆர்மோனியக்காரர் தரையைப் பார்த்தார். பிடில்காரரும் தரையைப் பார்த்தார். சரி, பெரிய மனுஷர்கள், நம்மைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறார்கள் என்று நல்லக்கண்ணுவும் தரையைப் பார்த்தான்.

கம்பெனி முதலாளி மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். "இப்ப அவங்கவங்க ஊருக்குப் போங்க. இந்த பிளேட்டு ஓடிச்சுன்னா உங்க எல்லாருக்கும் நிரந்தர வேலை. ஓடலைன்னா அங்கேயே இருந்துடுங்க."

ஊரிலோ மாமனார் தாணுலிங்கம் காத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கருப்பட்டி மண்டி. "டப்பா அடிக்கது நிரந்தரம் இல்லன்னா மண்டியில வந்து தராசைப் பிடியும் மாப்ள" என்று கல்யாணத்தன்றே சொன்னவர். கருப்பட்டி வாசனையே நல்லக்கண்ணுவுக்குத் தலைவலி கொடுக்கும்.

"வந்த பிளேட்டு எல்லாத்தையும் கட்டுங்க அண்ணாச்சி. நானே எடுத்துக்கிடுதேன்."

"எல்லாத்தையுமா? ஒன் வீட்டுல கிராமபோனே கிடையாதேலே!"

"சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கணும்."

"அவங்க வீட்டுல இருக்கா?"

"இல்ல. இனிமே வாங்குவாங்க."

டிரம் அடித்து வாங்கின கூலி முழுக்க, அடித்த டிரம்மை யாரும் கேட்காமல் இருப்பதற்கே செலவாகிப் போயிற்று. போனால் போகட்டும் என்று கட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினான்.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட இருக்கவில்லை. மார்க்கெட் பக்கம் சைக்கிளில் போனவனைச் சிவசுப்பிரமணியன் ஓடிவந்து மறித்தார்.

"ஏலே நல்லக்கண்ணு! ஒரே நாள்ல தீர்ந்துபோச்சுன்னு கம்பெனிக்குத் தந்தி அடிச்சேன். ரெண்டு பெட்டி அனுப்பிட்டான்லே! சாயங்காலம் கடை வாசல்ல வச்சு..."

"அதையும் எடுத்துக்கிடுதேன்."

"இன்னுமா சொந்தக்காரங்க இருக்காங்க?"

"பெரிய குடும்பம் அண்ணாச்சி."

கையில் காசு இல்லை. ஏறி வந்த சைக்கிள்தான் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு இரண்டு பெட்டியையும் தலையில் ஒன்று, தோளில் ஒன்றாகச் சுமந்து வீட்டுக்கு நடந்தான்.

மாமனார் சும்மா இருப்பாரா? அது அவர் கல்யாணத்துக்குக் கொடுத்த சைக்கிள். "சைக்கிள் எங்க மாப்ள?" என்று கேட்டார்.

"நடந்தா காலுக்கு நல்லது மாமா. டிரம்முக்குக் கால் பலம் வேணும்."

"கையாலதான அடிக்கீரு?"

"பெரிய டிரம்முக்குக் கால்தான்."

வீட்டில் மனைவி சண்முகவடிவு இடுப்பில் கைவைத்து அண்ணாந்து நின்றாள்.

"ஏங்க, பரண் தொங்குதே, என்னத்த ஏத்தி வச்சிருக்கிய?"

"டிரம்முக்கு வேண்டிய சாமான் வடிவு."

"டிரம்மு தோலுல்லா? இந்தக் கனம் கனக்கே! எந்த மாட்டுத் தோலு இது?"

"ரெண்டு நாள்ல எடுத்துருதேன்ளா."

"ரெண்டு நாள்ல பரணே கீழ வந்துரும். இப்பமே எடுங்க."

எடுத்தாயிற்று. எங்கே வைப்பது? மாமனார் சாப்பிடப் போன நேரம் பார்த்து மண்டிக்குப் போனான். கருப்பட்டி அடுக்குகிற ஓலைப்பெட்டிகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பிளேட்டைப் போட்டு, மேலே கருப்பட்டியை அடுக்கி மூடினான். மண்டி மூலையில் பழைய சரக்கோடு சரக்காகக் கிடக்கும் என்று கணக்கு.

மாமனாரோ சாப்பிட்டு வந்ததும், "அடடே, மாப்ள வந்து பெட்டியெல்லாம் அடுக்கிட்டுப் போயிருக்காரே" என்று மகிழ்ந்து, எல்லாவற்றையும் விளாத்திகுளம் லாரியில் ஏற்றிவிட்டார்.

அடுத்த வாரம் விளாத்திகுளம் வியாபாரி வன்னியபெருமாள் நேரிலேயே வந்துவிட்டார். நல்லக்கண்ணுவை மண்டிக்குக் கூப்பிட்டு அனுப்பினார் மாமனார்.

"தாணுலிங்கம் அண்ணாச்சி, பெட்டிக்கு அடியில கறுப்பா, வட்டமா ஒண்ணு வச்சு விட்டீயள்லா..." என்று ஆரம்பித்தார் வன்னியபெருமாள்.

"நானா?" என்றார் மாமனார்.

"கேட்டுட்டீயளா?" என்றான் நல்லக்கண்ணு முந்திக்கொண்டு.

"என்னத்தக் கேக்கணும்? பானை மூட அளவெடுத்த மாதிரில்லா இருக்கு! ஆவி போறதுக்கு நடுவுல ஓட்டை வேற. எங்க ஊர்ப் பொம்பளைய அடிச்சுப் பிடிச்சுக்கிட்டு கருப்பட்டி வாங்குதாளுவ. சூடு பட்டா இளகி வளைஞ்சுருது, அதொண்ணுதான் குறை. அதையும் கோழிக்குத் தீனி வைக்க எடுத்துக்கிட்டாளுவ. இனிமே பெட்டிக்கு ஒண்ணு வச்சுத்தான் அனுப்பணும். இல்லன்னா நான் வேற மண்டி பாத்துக்கிடுவேன்."

அவர் போனதும் தாணுலிங்கம் மருமகனை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்ள, இது ஒம்ம யோசனையா?"

இல்லை என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். "ஆமா மாமா" என்றான்.

"அடேயப்பா! இவ்வளவு வியாபார மூளையை வச்சுக்கிட்டா டப்பா அடிச்சுக்கிட்டுத் திரியுதீரு? அடுத்த மாசம் நீரு மண்டியில உக்காருதீரு. முடிஞ்சுபோச்சு பேச்சு!"

அதோடு விட்டாரா? எங்கே கிடைக்கும் என்று மருமகனிடம் கேட்டு, சைக்கிள் கடைக்குப் போய், "அந்தக் கறுப்புத் தட்டு இனி எத்தனை வந்தாலும் எனக்குத்தான்" என்று முன்பணமும் கொடுத்துவிட்டார். சிவசுப்பிரமணியன் தந்திக்கு மேல் தந்தி அடித்தார். பெட்டிக்கு மேல் பெட்டி வந்து, பிரிக்காமலே மண்டிக்குப் போயிற்று. கடைசியில் கம்பெனி ஏஜெண்டே வந்துவிட்டார்.

கோட்டும் டையுமாக ஏஜெண்டு ஜட்கா வண்டியிலிருந்து நல்லக்கண்ணு வீட்டு வாசலில் இறங்கினார். கூடவே சிவசுப்பிரமணியன். பின்னால், கிராமபோன் பெட்டியைச் சுமந்தபடி ஏஜெண்டின் ஆள் சிவனணைந்தபெருமாள். கயத்தாற்றுக்காரர், கம்பெனியில் சாமான் தூக்கி ஊர் ஊராகச் சுற்றுகிறவர். சேதி தெரிந்து மாமனாரும் வந்துவிட்டார்.

"மிஸ்டர் நல்லக்கண்ணு, கையைக் கொடுங்க!" என்றார் ஏஜெண்டு. "இந்த வருஷம் எங்க கம்பெனியில அதிகமா வித்த பிளேட்டு உங்களுதுதான். தூத்துக்குடி, மதுரை, சேலம், கும்பகோணம்... இந்த நாலு ஊர்லயும் கடைக்கு வந்த அன்னைக்கே காலி! மத்த ஊருக்கு அனுப்பக் கையில சரக்கே இல்லை. அடுத்த மாசத்துலருந்து எல்லாப் பாட்டுக்கும் நீங்கதான் டிரம். அதே கோஷ்டி. முதலாளி உத்தரவு."

"நிரந்தரமா?" என்று கேட்டார் மாமனார்.

"நிரந்தரம்."

நல்லக்கண்ணுவுக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் மாமனார் பெஞ்சில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அப்படி என்னதான் அடிச்சிருக்காருன்னு பாப்போமே. போடுங்க கேப்போம். நான் இதைப் பானை மூடின்னுல்லா நெனச்சேன்."

சிவனணைந்தபெருமாள் பெட்டியைத் திறந்தார். பிளேட்டை வைத்தார். கதவுக்குப் பின்னால் சண்முகவடிவு காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் சாவி கொடுக்குதேன்!" என்று பாய்ந்தான் நல்லக்கண்ணு.

கொடுத்தான். கொடுத்துக்கொண்டே இருந்தான்.

"போதும் சார்" என்றார் ஏஜெண்டு.

"இருங்க, நல்லாக் கேக்கணும்லா."

"ஏலே, போதும்லே!" என்றார் சிவசுப்பிரமணியன்.

பெட்டிக்குள் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். கைப்பிடி தானாகச் சுற்றி அவன் முழங்கையில் அடித்துவிட்டு நின்றது.

"ஸ்பிரிங்கு போச்சு!" என்றார் ஏஜெண்டு தலையில் கைவைத்து.

"போகட்டும். நீங்க கேட்டிருப்பீங்கள்லா? பாட்டு எப்படி?" என்றார் மாமனார்.

ஏஜெண்டு டையைச் சரிசெய்தார். "நான் விக்கிற டிபார்ட்மெண்டுங்க. கேக்கிறது எங்க வேலை இல்லை."

"கடையில இன்னொரு கிராமபோன் இருக்கு, எடுத்துட்டு வாரேன்" என்று எழுந்தார் சிவசுப்பிரமணியன். நல்லக்கண்ணு அவரை மறித்து நின்றான். நல்லவேளை, ஏஜெண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, ரயிலுக்கு நேரமாச்சு!" என்று வண்டியைப் பார்த்து நடந்தார். பிளேட்டு விஷயம் பேசிக்கொண்டே சிவசுப்பிரமணியனும் கூடப் போனார்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "நிரந்தரம்னுட்டாரு. பெறகு அதைக் கேட்டா என்ன, கேக்காட்டி என்ன? டப்பாவையே அடியும் மாப்ள. மண்டிய நான் பாத்துக்கிடுதேன்."

நல்லக்கண்ணு வெகுநாளைக்குப் பிறகு மூச்சை முழுசாக விட்டான். தரையில் குனிந்து உடைந்த ஸ்பிரிங்கைச் சுருட்டிக்கொண்டிருந்த சிவனணைந்தபெருமாளைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"மனசுல வச்சுக்கிடாதீய அண்ணாச்சி. ஆசையில சுத்திட்டேன், உடைஞ்சுபோச்சு."

சிவனணைந்தபெருமாள் நிமிர்ந்து, மாமனார் தெருவில் இறங்கிவிட்டாரா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இது பரவால்ல தம்பி. மதுரையில அந்த ஆர்மோனியக்காரரு ஊசி எல்லாத்தையும் கிணத்துல போட்டுட்டாரு, சேலத்துல பிடில்காரரு கிராமபோன் மேலயே ஏறி உக்காந்துட்டாரு, கும்பகோணத்துல பாடின அம்மா நெல்லுக் குதிருக்குள்ள பிளேட்டாக் கொட்டி வச்சுக்கிட்டு, 'ரெண்டாவது அடியை மறந்து முதல் அடியையே பாடிட்டேன், யாரும் கேட்டுரப்படாது'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாவ... நீங்க எந்த இடத்துல தப்பு விட்டீய?"