பூட்டு விளம்பரத்துக்கு ஒரு திருடன்

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அவன் ஏழு தலைமுறை ஜாதகத்தையும் சொல்லிவிடுகிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். டிராமில் எதிரே உட்கார்ந்தவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையை மடிக்கு இழுத்துக்கொண்டு, "மூஞ்சியே சொல்லுதே!" என்று பக்கத்து சீட்டில் கிசுகிசுப்பார்கள். எந்த மூஞ்சி ஐயா வாயைத் திறந்து சொன்னது? மெல்போர்னில் ஸ்டூடியோ வைத்திருக்கும் டெஸ்மண்ட் பிரிக்ஸ் இந்த இனத்துக்கே திலகம். முப்பது வருடமாக முகங்களைப் படமெடுத்ததில், உள்ளே ஓடுகிற குடல்வரை தமக்கு அத்துப்படி என்பது அவர் கட்சி.

அன்று ஒரு பூட்டுக் கம்பெனிக்குத் திருடன் படம் எடுக்க வேண்டும். கம்பெனி அம்மாள் மொய்ரா நேரிலேயே வந்து கணினித் திரை முன்னால் உட்கார்ந்துவிட்டாள்; எடுக்கிற ஒவ்வொரு படமும் உடனே அதில் தெரியும். திருடன் சரியாக அமைந்தால் அந்த வருடம் முழுக்கக் கம்பெனி வேலை டெஸ்மண்டுக்கு. இல்லாவிட்டால் தெருக்கோடிப் போட்டிக்காரனுக்கு.

மாடல் டாரில் வந்தான். மொட்டைத் தலை, கதவை அடைக்கிற தோள், கழுத்திலிருந்து விரல்நுனிவரை பச்சை குத்திய உடம்பு, போதாததற்குக் கண்ணுக்குக் கீழே பச்சையில் மூன்று சொட்டுக் கண்ணீர். "ஜெயில் வழக்கம், சொட்டுக்கு ஒண்ணா மூணு கொலை" என்று மொய்ராவின் காதில் ஓதிவிட்டு, டெஸ்மண்ட் தம் பர்ஸை உள்பைக்கு மாற்றிக்கொண்டார்.

டாரில் ஒரு டப்பாவை நீட்டினான். "லாமிங்டன் கேக், நானே பண்ணினது. சாப்பிடுங்க டெஸ். தேங்காய்த் தூள் கொஞ்சம் கூடிப்போச்சு, மன்னிச்சுக்கோங்க."

"அது கிடக்கட்டும் மச்சான். எங்கே, முறை பார்ப்போம்!"

முறைத்தான். திரையில் பார்த்தால், பிள்ளையை முதல்நாள் பள்ளியில் விட்டுவிட்டு வாசலில் நிற்கிற தாய்.

"ஒருத்தன் உன் காரை இடிச்சுட்டான்!"

"ஐயையோ, அவருக்கு அடி கிடி பட்டுச்சா?"

"உன் ஃபுட்டி டீம் தோத்துப்போச்சு!"

"போகுது விடுங்க. எதிர் டீம் பசங்களும் பாவம், கஷ்டப்பட்டுத்தானே ஆடறாங்க."

ஃபுட்டி பந்தாட்டத்துக்காக உயிரையே விடுகிற மெல்போர்னில் இப்படிப் பேசுகிற ஒருவனா! டெஸ்மண்டுக்கு நிஜமான பயம் அப்போதுதான் வந்தது.

"அப்போ அந்த மூணு கண்ணீர்?"

"நான் வளர்த்த முயலுங்க. அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துடுச்சு" என்றவன் நிஜமாகவே அழ ஆரம்பித்துவிட்டான்.

மொய்ரா கடிகாரத்தைப் பார்த்தாள். வருட வேலை தெருக்கோடிக்கு நடையைக் கட்டுவது டெஸ்மண்டின் கண்ணுக்கே தெரிந்தது. "எழுந்து வாய்யா இங்கே! இந்த கேமரா பட்டனை அமுக்கு. வெளிச்சமும் பார்த்த மாதிரி ஆச்சு. திருடன் எப்படி முழிப்பான்னு நான் காட்டறேன்!"

விளக்குக்கு முன்னால் போய் நின்றார். டாரில் கண் பர்ஸ்மேல் இருக்கிறதோ என்று ஒரு சந்தேகம் வந்தது. கை தானாக உள்பையைப் பொத்திக்கொண்டது, கண் ஓரமாய்ப் போயிற்று. டாரில் அமுக்கினான்.

மொய்ரா துள்ளி எழுந்தாள். "இதுதான்! இந்த முழிதான்! இந்த ஆளைப் பார்த்துட்டுப் பூட்டு வாங்காம யாரு வீட்டுக்குப் போவாங்க?"

வருட வேலை கிடைத்துவிட்டது. இப்போது ஊரில் ஓடுகிற டிராம்களின் பக்கவாட்டில் எல்லாம் டெஸ்மண்ட் முழித்துக்கொண்டே போகிறார். அவர் ஏறினால் எதிர் சீட்டுக்காரர்கள் பையை மடிக்கு இழுத்துக்கொள்கிறார்கள். டாரில் ஒருவன்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறான்.

நீங்கள் அந்த இனம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் மொட்டைத் தலை, பச்சை குத்திய உடம்பு என்று படித்தீர்களே, அப்போது உங்கள் கை எங்கே போயிற்று? பரவாயில்லை, பர்ஸ் பத்திரமாக இருக்கிறது. கண்ணாடியை மட்டும் இப்போது பார்த்துவிடாதீர்கள்.