ஜெரால்டிடம் கொடுத்துவிட்டுப் போன தாள்

நான் பயந்தவன். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. பத்தொன்பது வருடங்கள் அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர் வேலை. தினமும் காலையில் அல் கூஸில் இருந்த எங்கள் சைட்டில் இருநூறு பேரை வரிசையாக நிறுத்தி, அன்றைக்கு அவர்கள் எந்தெந்த வழிகளில் சாகக்கூடும் என்பதை அரைகுறை இந்தியில் விளக்குவேன். விளக்கி முடித்ததும் "ஓகே பாய், யல்லா" என்று வேலைக்கு அனுப்பிவிடுவேன். அத்தனை வருடத்தில் என் சைட்டில் பெரிய விபத்து நடந்ததில்லை. நடந்த ஒன்றும் என் குடும்பத்தில் நடந்தது. அதற்கும் பொறுப்பதிகாரி நானேதான்.

அப்போது என் மகள் நிவேதிதாவுக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். ஜூன் மாதம் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி பிளஸ் ஒன் படிக்கவேண்டும் என்பது அவள் ஆசை. விண்ணப்பத்தில் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. தகப்பன் கையெழுத்து மட்டும் பாக்கி. மூன்று மாதமாக நான் அதைப் போடவில்லை. முதலில், அந்தப் பள்ளியைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்றேன். பிறகு ஹாஸ்டல் கட்டடத்தில் அவசர வழி எத்தனை என்று கேட்டு எழுதியிருப்பதாகச் சொன்னேன். (உண்மையிலேயே எழுதியிருந்தேன். அவர்கள் பதில் போடவில்லை.)

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று நிவி சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு டீல். இப்போ பத்து நாள் லீவு இருக்கு. மலைப்பக்கம் கேம்பிங் போலாம். ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளும் நீங்க சேஃப்டி ஆபீசரா இருக்கக்கூடாது. வெறும் அப்பாவா இருக்கணும்."

"இருந்தா?"

"ஃபார்ம்ல சைன் போடணும்."

"இல்லேன்னா?"

"நான் போகல. இங்கயே படிக்கிறேன். அதுக்கப்புறம் கேக்கவே மாட்டேன்."

"அப்பாவால ரெண்டு மணி நேரம்கூட முடியாது" என்றான் பதின்மூன்று வயதுக் கார்த்திக். அவன் அம்மா வசந்தா அவனை அதட்டவில்லை. அடுப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

நான் சம்மதித்தேன். தோற்றுவிட்டால் மகள் வீட்டிலேயே இருப்பாளே என்று மனதின் ஒரு மூலை சொன்னது. அந்த மூலையை நான் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

திட்டம் போடும் வேலை முழுவதும் பிள்ளைகளுடையது. நான் வாய் திறக்கக்கூடாது என்பது நிபந்தனை. நான்கு நாள் அவர்கள் போட்ட திட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு எனக்கு ஒரு பதக்கம் கொடுத்திருக்கலாம். கார்த்திக்கின் பட்டியலில் கால்பந்து, பாட்டுப் பெட்டி, சிப்ஸ் எட்டுப் பாக்கெட் என்று எல்லாம் இருந்தன. தண்ணீர் இல்லை. நிவி, ஒரு தோழியின் அண்ணன் பேப்பரில் கிறுக்கிக் கொடுத்ததை வரைபடம் என்றாள். அதில் மலைக்கும் ஒட்டகத்துக்கும் ஒரே அளவு. வசந்தா பன்னிரண்டு பேருக்குப் புளியோதரை கிளறத் தயாரானாள். முதலுதவிப் பெட்டியைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. நான் எதுவும் சொல்லாமல் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன். ஒரே மாலையில் ஐந்து முறை கழுவியிருக்கிறேன்.

ஐந்தாவது நாள் மதியம் ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில், ஒரு திருடனைப் போல அந்தத் தாளை எடுத்தேன்.

எங்கள் தொழிலில் எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் ஒரு தாள் நிரப்புவோம். என்ன ஆபத்து வரலாம், யாருக்கு வரலாம், வரும் வாய்ப்பு எவ்வளவு, ஏன் வரும் என்று கட்டம் கட்டமாக இருக்கும். என் குடும்பத்துக்கு ஒன்று நிரப்பினேன். மலை வெள்ளம். பாம்பு. கார் கவிழ்தல். கேஸ் அடுப்பு வெடித்தல். பதினான்கு வரிசை வந்தது. நாங்கள் கூடாரம் போடப்போகும் இடத்தை அடியில் குறித்தேன். படிப்பவருக்குப் புரிய வேண்டுமே என்று தமிழிலேயே எழுதினேன்.

படிக்க வேண்டியவர் ஜெரால்டு. அல் குசைஸில் எங்களுக்கு எதிர்ஃபிளாட்டில் இருந்தவர், தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர், ஏசி மெக்கானிக். நான்கு மணி என்று சொன்னால் நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்து நிற்கிற மனிதர். அவரிடம் தாளைக் கொடுத்துச் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் உங்களுக்குப் போன் பண்ணுவேன். அஞ்சு மணி வரைக்கும் வரலேன்னா, இதைப் பார்த்து போலீசுக்குச் சொல்லிடுங்க. வீட்டுல யாருக்கும் தெரியவேண்டாம்."

"நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க அண்ணாச்சி. நான் பாத்துக்கிடுதேன்" என்று அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் மாதா படத்தோடு வைத்துக்கொண்டார். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கெல்லாம் கூடாரம் போட்டாகிவிட்டது. வாதி என்று அங்கே சொல்லும் வறண்ட ஓடைக்கு மேலே, நல்ல உயரத்தில், கூழாங்கல் தரை. பிள்ளைகள் இடத்தைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எனக்கே குறை கண்டுபிடிக்க முடியவில்லை. நிவி என் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, கோயம்புத்தூரில் மழை எப்படி இருக்கும் என்று கேட்டாள். அவள் என்னிடம் கேள்வி கேட்டே பல மாதமாகியிருந்தது. என்னவோ சொன்னேன். அவள் சிரித்தாள்.

மூன்றே முக்காலுக்குப் போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. ஒரு கோடுகூட இல்லை.

பதினான்கு வரிசையில் எழுத மறந்தது அதைத்தான்.

"இதோ வந்துடறேன்" என்று ஒரு பாறைக்குப் பின்னால் போய் போனைத் தலைக்கு மேலே தூக்கினேன். இல்லை. திரும்பி வந்தேன். பத்து நிமிடம் கழித்து இன்னொரு பாறை. நான்கே காலுக்கு மூன்றாவது பாறை, சற்று உயரமானது. இறங்கும்போது முழங்கால் சிராய்த்தது.

"என்னங்க, வயிறு சரியில்லையா?" என்றாள் வசந்தா. பதிலுக்குக் காத்திருக்காமல் ஓம வாட்டர் பாட்டிலை எடுத்தாள். குடித்தேன். மறுபடி போனேன். அவள் மறுபடி ஊற்றினாள். நாலே முக்காலுக்குள் ஒரு பாட்டில் தீர்ந்துவிட்டது.

நிவி மட்டும் என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, யாருக்குக் கால் பண்ணப் பாக்குறீங்க?"

"டைம் பார்த்தேன்மா."

அந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். காரை எடுத்துக்கொண்டு இருபது நிமிடம் கீழே போயிருந்தால் ரோட்டில் சிக்னல் கிடைத்திருக்கும். ஆனால் சொன்னால் டீல் முறியும். ஜெரால்டு கொஞ்சம் பொறுப்பார் என்று நினைத்தேன். பத்து வருடமாகத் தெரிந்த மனிதரைப் பற்றி அதைவிட முட்டாள்தனமாக யாரும் நினைத்திருக்க முடியாது.

கிழக்கே மலைக்கு மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐந்தே முக்கால் இருக்கும். சத்தம் கேட்டு நிமிர்ந்தோம். ஹெலிகாப்டர்.

"பாவம், யாரோ பிளான் இல்லாம வந்து மாட்டிக்கிட்டான்" என்றேன். சொல்லும்போதே போனில் மணியைப் பார்த்துவிட்டேன். ஹெலிகாப்டர் எங்கள் தலைக்கு மேலே வந்து நின்றது. கூடாரம் பிய்த்துக்கொண்டு உருண்டது. புளியோதரைப் பாத்திரத்துக்குள் அரைக்கிலோ மண். கார்த்திக் சந்தோஷத்தில் இரண்டு கையையும் ஆட்டினான். அதை அவர்கள் உதவி கேட்பதாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், இன்னும் தாழ்ந்து வந்தார்கள்.

கீழேயிருந்து இரண்டு போலீஸ் ஜீப்புகளும் ஓர் ஆம்புலன்ஸும் ஏறி வந்தன. முதல் ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி கையில் ஒரு குறிப்புப் புத்தகம். எங்கள் நால்வரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, வேலைத்தளங்களில் எல்லாரும் பேசுகிற அந்த இந்தியில் கேட்டார்: "ஸாம்ப் காட்டா நஃபர் கிதர்?"

பாம்பு கடித்த ஆள் எங்கே என்று கேட்கிறார்.

"பாம்பா?" என்றாள் வசந்தா.

அவர் பக்கத்தைத் திருப்பினார். கவிழ்ந்த வண்டி எங்கே, தீக்காயம் பட்ட அம்மா எங்கே, வெள்ளத்தில் போன பையன் எங்கே? பையன் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். அதற்குள் இரண்டாவது ஜீப்பிலிருந்து ஜெரால்டு குதித்து ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி! உசுரோட இருக்கியளா! மாதாவே! பிள்ளையளும் இருக்கா!"

"ஜெரால்டு, போலீஸ்ல என்ன சொன்னீங்க?"

"தாள்ல இருந்ததைச் சொன்னேன். என்ன ஆச்சுன்னு கேட்டாவ. வரிசையா வாசிச்சிட்டேன். ஒண்ணும் விடல அண்ணாச்சி." நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கே ஒரு கூட்டாளியின் வேனில் கிளம்பிவிட்டாராம். மலையடிவாரத்தில் நின்று, ஐந்து அடித்ததும் போன் செய்திருக்கிறார்.

"'வரலாம்'னுதானே தலைப்புல போட்டிருந்தேன்!"

"தலைப்பை யாரு பாத்தா? மணி அஞ்சாயிட்டுல்லா."

அதிகாரி கத்துவார், விசாவை ரத்து செய்வார், ஊருக்கு அனுப்புவார் என்று நான் நின்றேன். அவர் கத்தவில்லை. நிவி பள்ளியில் படித்த அரபியில் ஏதோ சொல்லவும் அவளிடமே பேசினார். அவள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். மலைக்கு அந்தப்பக்கம் மழை பெய்திருக்கிறது. அடுத்த வாதியில் ஒரு வண்டி தண்ணீரில் சிக்கியிருக்கிறது. ஹெலிகாப்டர் முதலில் நம்மைத் தேடி வந்துவிட்டு, இப்போதுதான் அங்கே போகிறது.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முன்னாலிருந்த ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரியின் வயர்லெஸ் கரகரக்கும் ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அவர் என்னைப் பார்த்து மூன்று விரல் காட்டினார். "தீன் நஃபர். ஸப் ஓகே. கலாஸ்." மூன்று பேரும் பத்திரம், முடிந்தது. நான் அழுதேன். பிள்ளைகள் முன்னால் அதுதான் முதல் முறை.

போவதற்கு முன் அதிகாரி நிவியிடம் ஒன்று கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல் "லா" என்றாள். அரபியில் 'இல்லை' என்பது எனக்கும் தெரியும்.

"என்னம்மா கேட்டார்?"

"இப்படி ஒரு பேப்பர் இருக்குன்னு எனக்குத் தெரியுமான்னு கேட்டார்."

உடனே கிளம்பச் சொல்லிவிட்டார்கள். கூட்டாளியின் வேன் டியூட்டிக்குத் திரும்பிப் போய்விட்டதால், ஜெரால்டு எங்கள் காரிலேயே பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தார். மண் நறநறக்கும் புளியோதரையைக் கொடுத்தாள் வசந்தா. அவர் மறுக்காமல் சாப்பிட்டார்.

"அங்கிள், அந்தப் பேப்பரைக் கொடுங்க" என்றாள் நிவி.

அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரிசையாகச் சத்தமாகப் படித்தாள். பாம்புக்குக் கார்த்திக் சிரித்தான். கேஸ் அடுப்புக்கு வசந்தாவே சிரித்தாள். பதினொன்றாவது வரிசைக்கு வந்தாள்.

"நி…வி கோபித்துக்…கொண்டு தனி…யாக நடந்து போய்…விடுதல். வாய்ப்பு, அதிகம். கார…ணம்…" நிறுத்தினாள். "காரணம், நான்."

அப்புறம் படிக்கவில்லை. தாளை மடித்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "டீல் முடிஞ்சுது, இல்லப்பா?" என்றாள். "பரவாயில்ல. நான் போகல. இங்கயே படிக்கிறேன்."

மனதின் அந்த மூலை கேட்டது அதைத்தான். கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, அவள் பையிலிருந்த விண்ணப்பத்தை வாங்கி, காரின் பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அது வேறு யாருடைய கையெழுத்து போலவோ வந்தது. சாட்சிக்கு என்று விண்ணப்பத்தில் இடமே கிடையாது. இருந்தாலும் ஜெரால்டு ஓரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டார். ஹாஸ்டல்காரர்கள் அதைப் பற்றியும் எதுவும் கேட்கவில்லை.

நிவி ஜூனில் போனாள். முதல் மாதம் நான் படுத்திய பாட்டை இங்கே எழுதப்போவதில்லை. இன்றும் எங்கள் வீட்டில் யாராவது பத்து நிமிடம் தாமதமாக வந்தால், கதவைத் திறப்பவர் கேட்கும் முதல் கேள்வி "ஜெரால்டுகிட்டச் சொல்லிட்டியா?" என்பதுதான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் வானத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் மட்டும் எனக்கு உடனே எண்ண வேண்டும். எத்தனை பேர், எங்கே, யார் தண்ணீரில் என்று.

நிவியின் கல்யாணத்துக்கு ஜெரால்டு தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார். முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே. அவள் அவரை மாப்பிள்ளை வீட்டாரிடம் அழைத்துப்போய், "இவர்தான் ஒரு தடவை எங்களைக் காப்பாத்தினவர்" என்று அறிமுகப்படுத்தினாள்.

"அப்படியா! எதுலேருந்தும்மா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

நிவி, வசந்தா, கார்த்திக், ஜெரால்டு என்று நான்கு பேரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.