தெரியாது டாக்டர்

இந்தியாவிலேயே ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளும் டாக்டர் அவர் ஒருவர்தான். வெள்ளிமலையில் ஒரு மழைக்காலம் முழுக்க அவரிடம் நர்சாக இருந்தேன். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் அங்கே ஒருவருக்கும் விளங்காது. ‘தெரியாது டாக்டர்’ என்றால் ஆடு மேய்ப்பவர்கூட வழி காட்டுவார்.

மலைப்பிள்ளைகளுக்கு மூக்கடியில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, தேன் காய்ந்ததுபோல் பொருக்குத் தட்டும். கிருமியால் வரும் சிரங்கு. அதற்குக் களிம்பு போதுமா, மாத்திரை வேண்டுமா என்று சோதித்துப் பார்க்க வந்தவர் அவர். எல்லாப் பிள்ளைக்கும் இரண்டையும் கொடுப்போம். பாதிப் பேருக்குக் களிம்பில் மட்டும் மருந்து. மீதிப் பேருக்கு மாத்திரையில் மட்டும். மற்றது மருந்தில்லாத வெறும் போலி. யாருக்கு எது என்பது கள்ளக்குறிச்சி ஆபீசில் ஒருவருக்குத்தான் தெரியும்.

முதல் நாளே செல்லி என்ற மலைப்பெண் அவரைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் மகள் அஞ்சலை.

“டாக்டரே, இதுல மருந்து எதுங்க?”

“தெரியாதும்மா.”

“நர்சம்மாவுக்கு?”

“அவங்களுக்கும் தெரியாது.”

“தெரிஞ்ச டாக்டரு யாராச்சும் கீறாங்களா?”

கூட்டம் சிரித்தது. அவருக்குக் கோபமே வரவில்லை. “உம் பொண்ணும் உன் நாத்தனார் பொண்ணும் ஓட்டப்பந்தயம் ஓடினா, யாரு ஜெயிச்சான்னு நீயே சொல்லலாமா?”

“சண்ட வந்துடும்ங்க.”

“அதான், எனக்குத் தெரியக் கூடாது!”

செல்லி யோசித்துவிட்டு அஞ்சலையைச் சேர்த்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சேர்த்தார்கள்.

அந்த மனிதர் தெரியாமல் இருக்கப் பட்ட பாடு! வாசனையில் கண்டுபிடித்துவிடுவோமோ என்று மூக்கைப் பொத்திக்கொண்டுதான் களிம்பைத் தொடுவார். ஒரு பையன், “டாக்டரு, மாத்திர ஒரே கச...” என்று ஆரம்பித்ததும், “சொல்லாதே!” என்று அலறி, காதைப் பொத்திக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து ஓர் ஆட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஆடு அவரையும் சுமந்துகொண்டு கொஞ்ச தூரம் ஓடியது.

ஒருநாள் காலை செல்லி ஓடி வந்தாள். சிரங்குக் கிருமி உள்ளே பரவி அஞ்சலையின் ஒரு கண் இமை வீங்கி மூடியிருந்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. டாக்டரின் முகம் மாறியது.

“சோதனையெல்லாம் போதும். ஜீப்பை எடு!” என்று டிரைவரிடம் கத்தினார்.

தனக்கு நன்றாகத் தெரிந்த மருந்தை அங்கேயே ஊசியாகப் போட்டார். மலைப்பாதை அவருக்கு ஆகாது. வளைவுக்கு வளைவு தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தார். ஆனாலும் மடியில் இருந்த அஞ்சலையை என்னிடம் தரவில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அவள் கண் திறந்து, “இட்லி வேணும்” என்றபோது, அவர் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

கடைசியில் கள்ளக்குறிச்சியிலிருந்து முடிவு வந்தது. ரெண்டு மூணு புண்தான் என்றால் களிம்பே போதும். அவர் குதித்தார். “பிள்ளைங்க வயித்துல வீணா மாத்திரை போக வேணாம்!”

“இத மொதல்லியே சொல்லிக்கீலாம்ல?” என்றாள் செல்லி. அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கீழே விழுந்தது.

ஊருக்குக் கிளம்பியவரை வழியனுப்பச் சின்னசேலம் ஸ்டேஷனுக்குப் போனோம். செல்லி ஒரு பை சாமை அரிசியைக் கையில் திணித்து, “ஒடம்ப பாத்துக்கோங்க” என்றாள். ரயில் போன பிறகும் அஞ்சலை கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். போதும் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.